குட்டைக் கோரையைப் புதுச் சிற்றினம் என்று எழுதுவதற்கு முன்பும் பின்பும்

தை பிறந்ததும் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் உள்வாங்கத் தொடங்கும். ஓரத்துச் சேறு காய்ந்து வெடிப்பதற்குள் மூன்று வாரமோ நான்கு வாரமோ கிடைக்கும். குட்டைக் கோரைகளின் காலம் அதுதான். விரல் நீளம்கூட வராத செடி, மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளத்துக்குள்ளேயே முளைத்து, பூத்து, காய்த்து, விதையைச் சேற்றில் விட்டுவிட்டுக் காய்ந்துபோகும். மண்டியிட்டுப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

கோரை என்றால் வயலில் பிடுங்கிப் போடும் களை, இல்லாவிட்டால் பத்தமடைப் பாய், நாட்டு மருந்துக் கடை முத்தக்காசு. இதற்கு மேல் பலரும் யோசிப்பதில்லை. ஆனால் கோரைக் குடும்பத்தில் உலகம் முழுக்கச் சுமார் 5,500 சிற்றினங்கள் இருக்கின்றன. அதிலும் குட்டையானவற்றை அதிகம் பேர் சேகரித்ததில்லை. அதனால் பெயர் இல்லாதது ஒன்று உங்கள் கையில் கிடைப்பது நடக்கக்கூடியதுதான். கிடைத்தால் என்ன செய்வது என்று என் மாணவர்கள் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, அது புதிதல்ல என்று நிரூபிக்கப் பார்ப்பது. பல வருடங்களுக்கு முன் ஒரு கண்மாய் உள்வாயில் 3 சென்டிமீட்டர் உயரத்தில், உச்சியில் ஒற்றை உருண்டைத் தலையோடு ஒரு கோரையைப் பார்த்தேன். எந்த நூலிலும் அந்த உயரத்துக்கு எதுவும் பொருந்தவில்லை. ஒரு மாதம் தூக்கம் இல்லாமல் வரைந்தேன், அளந்தேன். அப்புறம் அதன் விதையைத் தொட்டியில் தூவி, தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் முழங்கால் உயரம் வந்து நின்றது, நெல் வயல்களில் சாதாரணமாக வளரும் சைப்பரஸ் டிஃபார்மிஸ். சேறு சீக்கிரம் காய்ந்ததால் அந்தச் செடி அவசரமாகப் பூத்திருக்கிறது, அவ்வளவுதான். அன்றிலிருந்து விதை எடுத்து வளர்த்துப் பார்க்காமல் எந்தக் கோரையையும் குட்டை என்று நான் எழுதுவதில்லை. பிறவிக் குட்டை வேறு, பட்டினிக் குட்டை வேறு. முடிந்தால் இரண்டு தலைமுறை வளர்த்துப் பாருங்கள்.

சேகரிப்பில் அவசரம் கூடாது. காப்புக்காடு, சரணாலயம் என்றால் வனத்துறை அனுமதி முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். கருவி பெரிதாக எதுவும் வேண்டாம். ஒரு சமையலறைக் கத்தி, 20 மடங்கு கைலென்ஸ், ஜிப் கவர்கள், கொஞ்சம் சிலிக்கா ஜெல் போதும். செடியைச் சேற்றோடு கட்டியாகப் பெயர்த்து, தண்ணீரில் மெல்ல அலசி எடுங்கள். வேர் இல்லாமல் அது ஒரு வருடச் செடியா, பல வருடம் இருப்பதா என்று தெரியாது. முற்றிய கொட்டை (விதையை உள்ளே வைத்திருக்கும் சின்னக் காய்) இல்லாத செடியை எத்தனை எடுத்தாலும் பயன் இல்லை. பச்சையாக இருக்கும்போது பூவை மூடும் செதிலான உமியின் நிறம், தண்ணீரின் ஆழம், மண், பக்கத்தில் வளர்பவை எல்லாவற்றையும் அங்கேயே எழுதிவிடுங்கள். வாசனையையும் எழுதுங்கள். சைப்பரஸ் ஸ்குவரோசஸ் என்ற குட்டைக் கோரை உலர்ந்தால் வெந்தய வாசம் அடிக்கும். பெட்டியைத் திறந்த உடனேயே தெரிந்துவிடும்.

குட்டைச் செடிகளில் மட்டும் வரும் ஓர் ஆபத்தை இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். பெரிய கோரை என்றால் ஒரே செடி ஒரு ஷீட்டை, அதாவது உலர்த்திய செடியை ஒட்டிவைக்கும் தாளை, நிரப்பிவிடும். இவற்றில் 20, 30 செடிகளை ஒரே ஷீட்டில் ஒட்டுவோம். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் எடுத்த ஒரே சிற்றினமாக இருந்தால் அத்தனையும் சேர்ந்து ஒற்றை மாதிரிச்செடி (ஸ்பெசிமன்) என்று பெயரிடல் விதி ஏற்கிறது. ஆனால் ஒரு குளம்புப் பள்ளத்துக்குள் மூன்று விதக் கோரைகள் பின்னிக்கொண்டு வளரும். அவற்றில் ஒன்று கலந்துபோய், அந்த ஷீட்டே ஹோலோடைப் (பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி) ஆகிவிட்டால், பின்னால் வருகிறவர் உங்கள் பெயர் எந்தச் செடிக்கு உரியது என்று தெரியாமல் திண்டாடுவார். ஆகவே ஒட்டும் முன் ஒவ்வொரு செடியையும் லென்ஸில் பாருங்கள். சந்தேகப்பட்டதைத் தனிக் கவரில் போடுங்கள். சலிப்பான வேலைதான், இருந்தாலும் நான் இதை யாரிடமும் ஒப்படைப்பதில்லை.

அடுத்தது பேரினம். உலர்ந்த தலையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டால் உமிகள் இளகும். ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொட்டையைப் பாருங்கள். கோரையில் கடைசி வார்த்தை கொட்டைக்குத்தான். செடி எவ்வளவு குறுகினாலும் கொட்டை அந்த அளவுக்குக் குறுகாது. அதன் உச்சியில் சூல்தண்டின் அடி வீங்கிக் குல்லாய்போல ஒட்டியிருந்து, தண்டில் இலைத்தகடும் இல்லை என்றால் எலியோகாரிஸ். சின்னப் பொத்தானாக நின்று, இலையுறையின் வாயில் நீண்ட வெள்ளை மயிர்களும் இருந்தால் பல்போஸ்டைலிஸ். சூல்தண்டு அடியோடு கழன்று விழுந்து, உமிகள் சுருளாக அடுக்கியிருந்தால் பெரும்பாலும் ஃபிம்பிரிஸ்டைலிஸ். உமிகள் இரண்டு வரிசையில் இருந்தால் சைப்பரஸ். இந்தக் கடைசிக் குறிப்பு குட்டைகளில் ஏமாற்றும். லிப்போகார்பா கூட்டத்தில் ஒவ்வொரு பூவும் ஒரு தனிச் சிறுகதிர். அவை சுருளாக அடுக்கியிருப்பதால் உமியே சுருளாக இருப்பதுபோலத் தெரியும். முன்பு தனிப் பேரினமாக இருந்த அந்தக் கூட்டமும் கில்லிங்காவும் இப்போது சைப்பரஸுக்குள் சேர்க்கப்பட்டுவிட்டன.

இனி ஒப்பிட வேண்டும். இந்தியக் கோரைகளுக்கு இன்னும் தாவரவியலாளர் சி. பி. கிளார்க்தான் அடிப்படை. பிரிட்டிஷ் இந்தியத் தாவரத் தொகுப்பின் 6ஆம் தொகுதியில் எழுதியிருக்கிறார். சென்னை மாகாணத்துக்கு ஃபிஷர் எழுதிய பகுதியும், தென்கிழக்கு ஆசியாவுக்குக் கெர்ன் 1974இல் எழுதியதும் பக்கத்தில் இருக்கட்டும். நூலோடு நிற்காமல் ஹெர்பேரியங்களில், அதாவது உலர்செடிக் காப்பகங்களில், ஷீட்களைப் பாருங்கள். கோவையில் மதராஸ் ஹெர்பேரியம், திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம், ஹவுராவில் மத்திய தேசிய ஹெர்பேரியம் இருக்கின்றன. லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் ஷீட்கள் படங்களாக இணையத்திலேயே கிடைக்கின்றன. பழைய பெயர்களைத் தேடும்போது நம் கரையே எதிரில் வரும். தரங்கம்பாடியில் இருந்த தாவரவியலாளர் கோனிக் அனுப்பிய செடிகளையும் வைத்துத்தான் கோபன்ஹேகனில் தாவரவியலாளர் ரோட்பெல் 1773இல் தன் கோரை நூலை எழுதினார். கில்லிங்கா என்ற பேரினப் பெயர் அதில்தான் வந்தது. 250 வருடப் பெயர்க் குவியல் இது. உங்கள் செடிக்கு யாரோ எப்போதோ பெயர் வைத்து, வேறொருவர் அதை இன்னொன்றோடு சேர்த்து மூடியிருக்கலாம். அப்படி இருந்தால் அந்தப் பழைய பெயரை மீட்டெடுங்கள். அதுவும் நல்ல வேலைதான்.

எதோடும் பொருந்தவில்லையா? சரி, அளக்கத் தொடங்கலாம். ஒரே செடியில் 20 கொட்டை அளப்பதைவிட 20 செடிகளில் ஒவ்வொன்று அளப்பது நல்லது. அரை மில்லிமீட்டர் கொட்டைக்கு ஸ்கேல் உதவாது, நுண்ணோக்கிக்குள் பொருத்தும் அளவுகோல் வேண்டும். வசதி இருந்தால் கொட்டையின் மேற்பரப்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுங்கள். செல்களின் ஒழுங்கு அதில் பளிச்சென்று தெரியும். டிஎன்ஏ வரிசை எடுத்தால் நெருங்கிய உறவு எது என்று சொல்லலாம். ஆனால் வரிசை மட்டும் வைத்துக்கொண்டு பெயர் வைக்காதீர்கள். கண்மாய்க்கரையில் நிற்பவர் லென்ஸை வைத்து அடையாளம் காணும்படி இருக்க வேண்டும்.

கட்டுரையின் உயிர் வேறுபாட்டுக் குறிப்புதான். இரண்டு மூன்று வரியில், மிக நெருங்கிய சிற்றினத்தோடு ஒன்றுக்கு ஒன்று எதிர்வைத்து எழுத வேண்டும். "உமி சிறியது" என்றால் ஒன்றும் விளங்காது. இதன் உமி எத்தனை மில்லிமீட்டர், அதன் உமி எத்தனை. இதன் நுனி முள் நேரானது, அதன் நுனி முள் பின்னால் வளைந்தது என்று இருக்க வேண்டும். உயரத்தை முதல் வேறுபாடாக எழுதாதீர்கள், காரணம் மேலே சொன்னேன். முழு விவரணை வேரிலிருந்து கொட்டை வரை ஒழுங்காகப் போகட்டும். படம் கையால் வரைந்ததாக இருந்தால் எனக்குத் திருப்தி, ஏனென்றால் வரையும்போதுதான் நாம் பார்க்காமல் விட்டது தெரியவரும்.

விதிகள் கறாரானவை. 2012 ஜனவரி 1 முதல் விவரணையோ வேறுபாட்டுக் குறிப்போ ஆங்கிலத்திலும் இருக்கலாம், அதற்கு முன் லத்தீன் கட்டாயம். ஹோலோடைப் எது, எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்று சொல்லாவிட்டால் பெயர் செல்லாது. நம் நாட்டில் 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, புதுச் சிற்றினம் கண்டவர் அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. மிச்சம் இருக்கும் நகல் ஷீட்களை ஒரே இடத்தில் குவிக்காமல் இரண்டு மூன்று ஊர்களுக்கு அனுப்புங்கள்.

பெயர் வைக்கும்போது பேரினப் பெயர் லத்தீன் இலக்கணத்தில் ஆண்பாலா பெண்பாலா என்று பாருங்கள். சைப்பரஸ் ஆண்பால், ஃபிம்பிரிஸ்டைலிஸும் எலியோகாரிஸும் பெண்பால். குள்ளம் என்ற பொருளில் முதலாவதற்கு நானஸ் என்றால், மற்றவற்றுக்கு நானா. பல பேரினங்கள் சைப்பரஸுக்குள் வந்துவிட்டதால் நல்ல பெயர்களில் பலவும் ஏற்கெனவே எடுக்கப்பட்டவை. சைப்பரஸ் பிக்மேயஸ் என்ற பெயரை ரோட்பெல்லே 1773இல் வைத்துவிட்டார். தாவரப் பெயர்களுக்கான உலகப் பட்டியலான ஐபிஎன்ஐயில் தேடிவிட்டு முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் ஊர்ப் பெயர் நல்லது. ஊர்ப் பெயரோடு வரும் 'என்சிஸ்' ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் ஒன்றுதான் என்பது கூடுதல் வசதி.

அழியும் நிலை பற்றி ஒரு வார்த்தை. ஒரே ஒரு கண்மாயில் பார்த்தோம் என்பதற்காக மிக அபாயத்தில் இருக்கிறது என்று எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பக்கத்துப் பத்துக் கண்மாய்களில் சரியான மாதத்தில் தேடிப் பார்த்தீர்களா? தேடவில்லை என்றால் தரவு போதாது என்று எழுதுங்கள். தேடியும் கிடைக்கவில்லை, அந்த ஒரு கண்மாயிலும் மண் அள்ளுகிறார்கள் என்றால் அதைத் தேதியோடு எழுதுங்கள்.

இப்போது என் மேசையில் ஒரு எலியோகாரிஸ் இருக்கிறது. தொட்டியில் இரண்டு தலைமுறை வளர்த்தும் 4 சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. கொட்டையடியில் இருக்க வேண்டிய நுண்முட்கள் ஒன்றில்கூட இல்லை. ஒப்பிட வேண்டிய பழைய ஷீட் ஒன்று ஹவுராவில் இருக்கிறது. மார்கழிக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தால், தையில் அதே கண்மாயில் இன்னொரு முறை சேகரிக்கலாம். போன முறை கொண்டுவந்ததில் முற்றிய கொட்டை 11தான் இருந்தது.