புளியந்தடி அறுக்கும்போது பேண்ட் சா பிளேடில் விரிசல் விழுகிறதா?

19 இஞ்ச் சக்கரத்தில் ஒன்றேகால் இஞ்ச் அகலப் பிளேடு ஓட்டும் சின்ன படுக்கை மில்லுக்கு (பிளேடு கிடைமட்டமாக ஓடும் மில்) எழுதுகிறேன். அகலமான பிளேடு ஓடும் பெரிய மில்லுக்குக் கணக்கு வேறு. பிளேடு மாட்டவும் டென்ஷன் வைக்கவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதற்குள் போகவில்லை.

1. விரிசல் எங்கே என்று பாருங்கள்

டென்ஷனைத் தளர்த்தி, பிளேடைக் கழற்றித் துடைத்து, வெயிலில் வைத்துப் பாருங்கள். கையுறை கட்டாயம்.

பிளேடை வளையமாக ஒட்டிய வெல்டிங் ஓரத்திலேயே அறுந்திருந்தால், ஒட்டிய பிறகு அந்த இடத்தை மறுபடி சூடாக்கி மெதுவாக ஆறவிடவில்லை என்று அர்த்தம். திரும்பத் திரும்ப அப்படியானால் வேறு ஆளிடம் ஒட்டக் கொடுங்கள்.

விரிசல் முதுகுப் பக்கம் (பல் இல்லாத விளிம்பில்) இருந்தால், பிளேடு விலகாமல் தாங்கும் கைடு ரோலரைப் பாருங்கள். மரம் அறுக்காமல் சும்மா ஓடும்போது பிளேடின் முதுகு ரோலர் விளிம்பைத் தொடவே கூடாது, 1.5 முதல் 3 மி.மீ. வரை இடைவெளி வேண்டும். ஓயாமல் உரசினால் முதுகு சூடேறி இறுகி, அங்கிருந்து வெடிக்கும்.

பல்லுக்கு அடியில் உள்ள குழியில் இருந்தால் அடுத்த படிதான் உங்களுக்கு. பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

2. குழி முழுவதையும் சாணை பிடியுங்கள்

சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பிளேடின் தடிமன் இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. 19 இஞ்ச் சக்கரத்துக்கு அது அரை மி.மீ.கூட வராது. நாம் ஓட்டுவது 1.07 மி.மீ. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சக்கரத்திலும் வளைந்து நிமிர்வதால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் குழியின் அடியில் தொடங்கிவிடும். பல் நுனியை மட்டும் தீட்டினால் பல் கூராகும், வெடிப்பு அப்படியே இருக்கும். அடுத்த பெரிய தடியில் அது வாய் திறக்கும்.

அதனால் சாணைக்கல் பல்லின் முகத்தில் இறங்கி, குழியைச் சுற்றி, அடுத்த பல்லின் முதுகில் ஏறும்வரை ஒரே வீச்சாகப் போக வேண்டும். நடுவில் மூலையோ படியோ விழுந்தால் அங்கேயே புது விரிசல் பிறக்கும். ஒரேயடியாக அழுத்தாதீர்கள், லேசாக இரண்டு சுற்று விடுங்கள். நீல நிறம் தெரிந்தால் எஃகு கருகிவிட்டது, அந்த இடம் கண்ணாடி மாதிரி நொறுங்கும்.

என் விருப்பம் எண்ணெய் ஊற்றோடு ஓடும் சிபிஎன் (கியூபிக் போரான் நைட்ரைடு என்ற மிகக் கடினமான பொருள் பூசிய) சாணைச் சக்கரம். விலை அதிகம்தான், ஆனால் வடிவம் மாறாது. சாதாரணக் கல் என்றால் ஒவ்வொரு பிளேடுக்கும் முன்னால் கல்லின் வடிவத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

3. அறுக்கும்போது

காய்ந்த புளி, கருவேலத்துக்கு 10 டிகிரி முன்சாய்வுள்ள பல் வேண்டாம்; 4 அல்லது 7 டிகிரி கேட்டு வாங்குங்கள். தடி பெரிது என்று 1.4 மி.மீ. பிளேடுக்குத் தாவாதீர்கள். தடிமன் கூடக் கூட இந்தச் சக்கரத்தில் சீக்கிரம் வெடிக்கும்.

மரத்தூள் மாவாக விழுந்தால் பல் வெட்டவில்லை, தேய்க்கிறது. பல் கூராக இருந்தால் மரத்துக்குள் பிளேடை நகர்த்தும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். மழுங்கியிருந்தால் பிளேடை மாற்றுங்கள். "இன்னும் ஒரு பலகை" என்று மழுங்கிய பிளேடை இழுக்கவே இழுக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் டென்ஷனைத் தளர்த்திவிடுங்கள். சூட்டில் நீண்ட பிளேடு ஆறும்போது சுருங்கி, இறுக்கம் கூடிவிடும்.

ஓடும்போது சக்கர மூடி திறந்திருக்கக் கூடாது. பிளேடு போகும் நேர்கோட்டில் யாரும் நிற்க வேண்டாம்.

பின்சேர்க்கை: புது பிளேடே முதல் தடியில் வெடிக்கிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சக்கரத்தின் ரப்பர் பெல்ட்டைப் பாருங்கள். அது தேய்ந்து பிளேடு இரும்பில் ஓடினாலோ, பிசினும் தூளும் மேடு கட்டியிருந்தாலோ, ஒவ்வொரு சுற்றிலும் பிளேடு அடி வாங்கும். சுரண்டிச் சுத்தம் செய்து, தேய்ந்திருந்தால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே பெல்ட் மாற்றுங்கள். சாலையோரப் புளி என்றால் இன்னொன்று: விளம்பரப் பலகை அடித்த ஆணி உள்ளே புதைந்திருக்கும். பட்டையை உரித்து, மெட்டல் டிடெக்டரால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.