செம்பருத்தி சர்பத் நீலமாக மாறியது ஏன்?

மன்னார்குடியில் எங்கள் வீட்டில் செம்பருத்தி சர்பத் காய்ச்சினால் சிவப்பே வரவில்லை. இதழ் போட்டதும் ஊதா. கொதிக்கக் கொதிக்கப் பச்சை கலந்த நீலம். பல நாள் இதிலேயே போயிற்று.

முதல் சந்தேகம் பாத்திரத்தின் மேல். அலுமினியத்தை விட்டு எவர்சில்வருக்கு மாறினேன், அதே நீலம். அடுக்குச் செம்பருத்திக்குப் பதில் ஐந்திதழ்ப் பூ. பயனில்லை. சர்க்கரையை விட்டுக் கற்கண்டு போட்டது வீண் செலவு.

ஒன்று மட்டும் உறுத்தியது. அதே ஆழ்துளைக் கிணற்று நீரில் காய்ச்சாமல் ஊறவைத்த இதழ்கள் ஊதாவோடு நின்றன. காய்ச்சிய பாத்திரத்தின் அடியிலோ வெள்ளைப் படிவு. அங்கேதான் விடை இருந்தது: நீரில் கரைந்துள்ள பைகார்பனேட் என்னும் உப்பு, கொதிக்கும்போது கரியமில வாயுவை வெளியேற்றி வெள்ளைப் படிவை விடுகிறது, நீரின் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) கூடுகிறது. இதழிலுள்ள ஆந்தோசயனின் நிறமி அமிலத்தில் சிவப்பு, நடுநிலையில் ஊதா, காரத்தில் நீலமும் பச்சையும். பிடித்துவைத்த மழைநீரில் காய்ச்சியபோது நீலம் எட்டிப்பார்க்கவில்லை.

இப்போது எலுமிச்சைச் சாற்றைக் கடைசியில் பிழிவதில்லை. நீலமான பிறகு பிழிந்தாலும் சிவப்பு திரும்பும், ஆனால் மங்கலாக. காரச் சூட்டில் நிறமியில் ஒரு பகுதி சிதைந்துவிடுகிறது. நீரைச் சூடாக்கி இறக்கி, நாக்கில் நன்றாகப் புளிக்கும்வரை சாறு கலந்து, அதன்பிறகே இதழ்களைப் போட்டு மூடுகிறேன். வெளுத்த இதழ்களை வடிகட்டிவிட்டுச் சர்க்கரை சேர்த்தால் போதும். இதழோடு கொதிக்கவிடத் தேவையே இல்லை.