வேலரன்டில் பெயரும் திறனும்

வேலரன்ட் என்ற அணி-அணியாக ஆடும் துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமில் புதிதாகக் கணக்குத் தொடங்குகிறீர்களா? பெயர் வேடிக்கையாக இருக்கட்டும். 'பிரியாணி பாய்', 'தூங்குமூஞ்சி' போன்ற சின்னப் பெயர் யாரையாவது வீழ்த்தும்போது திரையில் பளிச்சென்று தெரியும், எதிரணிக்கும் சிரிப்பு வரும். குறியீடுகளை நிரப்பி வாசிக்க முடியாத பெயரை வைப்பதில் எந்தச் சுவையும் இல்லை. ஆனால் சண்டை நடுவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஓர் அணியில் ஒரு ஏஜென்ட் (நாம் தேர்ந்தெடுத்து ஆடும் கதாபாத்திரம்) ஒருவருக்குத்தான், அதனால் சேஜ் என்ற ஏஜென்டை ஆடுபவரிடம் 'சேஜ், ஹீல் பண்ணு' (குணப்படுத்து) என்பதுதான் வழக்கம்.

சரி, ஒவ்வொரு ஏஜென்டுக்கும் உள்ள சிறப்புத் திறன்களுக்கு வருவோம். பலரும் அவற்றைச் சேமித்து வைத்தே சாகிறார்கள். அல்டிமேட் எனப்படும் மிகப்பெரிய திறனுக்கான புள்ளிகள் எதிரியை வீழ்த்தினாலும், நாமே இறந்தாலும், களத்தில் கிடக்கும் ஆர்ப் என்ற ஒளி உருண்டையை எடுத்தாலும், ஸ்பைக் என்ற வெடிகுண்டை வைத்தாலும் அதைச் செயலிழக்கச் செய்தாலும் சேரும். ஆகவே கஞ்சத்தனம் வேண்டாம். கண்ணைக் கூசவைக்கும் ஃபிளாஷ் வீசும் முன் மட்டும் மைக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நம் ஆள்தான் முதலில் கண் கூசி நிற்பான்.

எனக்கு மிகவும் பிடித்தது பிரிம்ஸ்டோன் என்ற ஏஜென்டின் தீக்குண்டு. தீக்குண்டு ஸ்பைக்கின் மேல் விழும் கோணத்தை முன்பே பழகி வைத்திருங்கள், ஸ்பைக்கை வைத்த பின் தூரத்தில் ஒளிந்துகொள்ளுங்கள். எதிரணி ஸ்பைக்கை டிஃப்யூஸ் செய்ய, அதாவது செயலிழக்க வைக்க, 7 வினாடி தேவை. டிஃப்யூஸ் தொடங்கும் முதல் சத்தம் பெரும்பாலும் ஏமாற்றுத்தான், உடனே வீசாதீர்கள். சத்தம் நிற்காமல் தொடர்ந்தால் வீசுங்கள். 3.5 வினாடி தாண்டிவிட்டால் பாதி வேலை அவர்கள் கணக்கில் பதிவாகிவிடும், அப்புறம் மீதிப் பாதியைத் தொடர்ந்தாலே போதும் அவர்களுக்கு.