ஓவியத்தின் மேல் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள்

மறுமலர்ச்சிக் கால ஓவியம் எது, அதற்கு அடுத்து வந்த பரோக் பாணி ஓவியம் எது என்று குழப்பமா? லியோனார்டோ டா வின்சியின் ‘கடைசி இராவுணவு’ (1495–98) படத்தை அச்செடுத்து, கூரைக் கட்டங்களில் உள்நோக்கிப் போகும் கோடுகள் மேல் ஸ்கேலை வைத்து நீட்டுங்கள். எல்லாமே நடுவில் இயேசுவின் நெற்றிப்பொட்டருகே போய்ச் சேரும். அந்த ஒழுங்குதான் மறுமலர்ச்சி. மிலானில் உள்ள அந்தச் சுவரில், அதே இடத்தில் ஆணி அடித்த துளைகூட இருக்கிறது. நூல் கட்டிக் கோடு பிடித்திருக்க வேண்டும். அந்தச் சின்னத் துளை எனக்கு அவ்வளவு பிடிக்கும்!

அப்புறம் கரவாஜியோவின் ‘புனித மத்தேயுவின் அழைப்பு’ (1599–1600). இதற்கு ஸ்கேல் வேண்டாம், கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். முகங்கள் மங்கி, இருட்டுக்கு நடுவே வலது மேற்பக்கத்திலிருந்து சரிந்து விழும் வெளிச்சம் மட்டும் மிஞ்சும். அந்தச் சரிவுதான் பரோக். இயேசு நீட்டிய கைக்கு மேலாக அது மேசைப் பக்கம் போவதைக் கவனியுங்கள்.