லேத்துக்கு விஎஃப்டி போடுங்கள், புல்லிகளை மட்டும் கழற்றிவிடாதீர்கள்

சிறிய லேத்தில் இருக்கும் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை எடுத்துவிட்டு, த்ரீ ஃபேஸ் மோட்டாரும், மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி என்ற டிரைவும் போடலாமா என்று கேட்டால், தயங்காமல் போடுங்கள் என்பேன். குமிழைத் திருப்பி வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த லாபம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ஃபினிஷ், அதாவது கடைந்த பரப்பின் வழவழப்புதான். 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரின் முறுக்குவிசை நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். மெல்லிய கடைசி கட் எடுக்கும்போது அந்தத் துடிப்பு ஜாப்பின் (கடையும் பொருளின்) மேல் வரிவரியாகப் பதியும். த்ரீ ஃபேஸ் மோட்டாரில் விசை சீராக வருவதால் அந்த வரிகள் மறைந்துவிடும்.

ஆனால் குமிழ் வந்தாச்சு, இனி பெல்ட் எதற்கு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக மோட்டாரின் முறுக்குவிசை ஏறக்குறைய அதே அளவில் நிற்கும், அதிகமாகாது. சக்தியோ வேகத்தோடு சேர்ந்து இறங்கும். என் லேத்தையே கணக்கில் எடுத்துக்கொள்வோம். மோட்டார் 0.75 கிலோவாட், 1400 ஆர்பிஎம். மெதுவான புல்லிப் படியில் ஸ்பிண்டில் (ஜாப்பைச் சுற்றும் தண்டு) 350, வேகமான படியில் 1400. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள மைல்டு ஸ்டீலை எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலால் நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகத்தில் கடைய ஸ்பிண்டில் சுமார் 160 ஆர்பிஎம்மில் சுற்ற வேண்டும். மெதுவான படியில் இது 23 ஹெர்ட்ஸ். மோட்டாரிலிருந்து 340 வாட் வரை வாங்கலாம். வேகமான படியிலேயே விட்டுவிட்டுக் குமிழை இறக்கினால் 6 ஹெர்ட்ஸுக்கும் கீழே வந்துவிடும். கிடைப்பது 85 வாட்டைச் சுற்றித்தான். அதே 160 ஆர்பிஎம், ஆனால் நான்கில் ஒரு பங்கு பலம். பார்ட்டிங் (ஜாப்பை வெட்டித் துண்டாக்குவது) செய்யும்போது அந்த வித்தியாசம் கையிலேயே தெரியும். அதனால் பெரிய வேக மாற்றத்துக்குப் பெல்ட், இடையிலுள்ள நுணுக்கத்துக்குக் குமிழ். நான் 15 ஹெர்ட்ஸுக்குக் கீழே போவதே இல்லை.

மோட்டார் வாங்கும்போது நேம் பிளேட்டை நிதானமாகப் படியுங்கள். என்னுடையதில் 230/400 வோல்ட், 3.2/1.85 ஆம்ப் என்று இருக்கிறது. சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட் வாங்கும் டிரைவ் வெளியே தருவதும் த்ரீ ஃபேஸ் 230 வோல்ட்தான். ஆகவே டெர்மினல் பாக்ஸில் இணைப்புத் தகடுகளை ஸ்டாரிலிருந்து (மூன்று சுருளும் ஒரு முனையில் சேர்வது) டெல்டாவுக்கு (மூன்றும் வளையமாக இணைவது) மாற்ற வேண்டும். டிரைவில் பதிய வேண்டிய கரண்ட்டும் 3.2 ஆம்ப். ஸ்டாரிலேயே விட்டால் மோட்டார் சுற்றும், கட் எடுத்ததும் திணறும். பழைய மோட்டார் சிலவற்றில் மூன்றே வயர் வெளியே வரும். ஸ்டார் முனை உள்ளே சுருளோடு கட்டப்பட்டிருக்கும். அதைப் பிரித்து ஆறு வயர்களாக வெளியே எடுப்பது ரீவைண்டிங் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

டிரைவை லேத்தின் பக்கத்தில் திறந்தபடி மாட்டாதீர்கள். இரும்புச் சீவல் ஒன்று உள்ளே விழுந்தால் போதும். மூடிய பெட்டி, காற்று வர ஃபில்டர் வைத்த துளை, மேலும் கீழும் மூச்சுவிட இடம். மோட்டாருக்குப் போகும் கேபிள் ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும். அந்த ஷீல்டை இரண்டு முனையிலும் எர்த் செய்யுங்கள். டிரைவின் உள்ளே 325 வோல்ட் டிசி நிற்கிறது. மெயினை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் அது கொஞ்ச நேரம் இருக்கும்; மேனுவலில் சொன்ன நேரம் காத்திருந்து, மீட்டரால் அளந்து பார்த்த பிறகே கை வையுங்கள்.

லேத்தில் ஏற்கெனவே இருக்கும் ஃபார்வர்டு-ரிவர்ஸ் சுவிட்ச் இனி மோட்டார் வயரில் இருக்கக் கூடாது. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே எந்த சுவிட்சும் வேண்டாம். ஓடும்போது அதைத் திறந்தால் டிரைவ் பழுதாகலாம். அந்தச் சுவிட்சைக் கழற்றி டிரைவின் கன்ட்ரோல் டெர்மினல்களுக்குக் கொண்டு வாருங்கள். ஸ்டார்ட்டுக்கும் ஸ்டாப்புக்கும் த்ரீ-வயர் முறையைத்தான் (தனித்தனி ஸ்டார்ட், ஸ்டாப் பட்டன்களை மூன்று வயரில் இணைப்பது) நான் வற்புறுத்துவேன். அதில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தாலும், பட்டனை மறுபடி அழுத்தாமல், ஜாப்பைப் பிடிக்கும் சக் சுற்றாது. சக்கில் சாவியோடு நிற்கும் ஒருவருக்கு இதைவிட முக்கியமான வசதி எதுவும் இல்லை. வேகக் குமிழுக்குப் போகும் வயரும் ஷீல்டு உள்ளதே. இந்த ஷீல்டை டிரைவ் பக்கம் மட்டும் எர்த் செய்தால் போதும்.

அப்புறம் பாராமீட்டர்கள், அதாவது டிரைவில் பதியும் அமைப்புகள். வோல்ட், ஆம்ப், ஹெர்ட்ஸ், ஆர்பிஎம் எல்லாம் நேம் பிளேட்டில் உள்ளபடி. சென்சார்லெஸ் வெக்டர் வசதி (வேக சென்சார் இல்லாமலே மோட்டாரின் விசையைக் கணித்துக் கட்டுப்படுத்துவது) இருந்தால் அதையே எடுங்கள். பெல்ட்டை மாட்டும் முன் ஆட்டோடியூன் (டிரைவ் தானே மோட்டாரை அளந்துகொள்வது) ஓடவிட்டால் குறைந்த வேகத்தில் பிடிப்பு நன்றாக இருக்கும். கீச்சென்ற சத்தம் தொந்தரவாக இருந்தால் கேரியர் அதிர்வெண்ணை (டிரைவ் உள்ளே ஆன்-ஆஃப் ஆகும் வேகத்தை) உயர்த்தலாம், டிரைவ் கூடுதலாகச் சூடாகும். சுற்றும் திசை தவறாக இருந்தால் மோட்டார் வயரில் ஏதேனும் இரண்டை மாற்றிப் போடுங்கள்.

உச்ச வேகத்தை முடிவு செய்வது மோட்டார் அல்ல, சக். 80 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் என் வேகமான படியில் ஸ்பிண்டில் 2240-க்குப் போய்விடும். சக்கின் முகத்தில் பொறித்திருக்கும் உச்ச ஆர்பிஎம்மைப் பார்த்து, அதற்குக் கீழேயே நிறுத்துங்கள்.

நிற்கும் நேரத்திலும் அவசரம் வேண்டாம். டிசெலரேஷனை (வேகம் இறங்கி நிற்க எடுக்கும் நேரத்தை) மிகவும் குறைத்தால் சக்கின் சுழற்சி திரும்ப மின்சாரமாகி டிரைவை ஓவர்வோல்டேஜில் டிரிப் ஆக்கும். அந்த மின்சாரத்தைச் சூடாக்கித் தீர்க்கும் பிரேக்கிங் ரெசிஸ்டர் போட்டால் அதைத் தவிர்க்கலாம். ஆனால் சக் ஸ்பிண்டிலில் மரையிட்டு மாட்டும் வகையாக இருந்தால் ரெசிஸ்டரும் போடாதீர்கள். திடீரென்று நிறுத்தினாலோ ரிவர்ஸ் போட்டாலோ சக் தானே கழன்று வந்துவிடும். என்னுடையது அந்த வகை. டிசெலரேஷன் 4 நொடி, ரிவர்ஸ் பாராமீட்டரிலேயே பூட்டியிருக்கிறேன். போல்ட் போட்ட சக் உள்ளவர்கள் தாராளமாக ஒரு நொடிக்கு இறக்கலாம்.

கடைசியாக, மோட்டாரின் விசிறி ஷாஃப்டிலேயே இருக்கிறது. மெதுவாகச் சுற்றும்போது காற்றும் குறையும். 20 ஹெர்ட்ஸில் நீண்ட நேரம் கனமான கட் எடுப்பவர்கள் பின்னால் தனியாக ஒரு சிறிய விசிறி வைத்து, மெயினிலிருந்தே ஓட்டுங்கள்.