முதல் கடல்நீர்த் தொட்டி: எத்தனை லிட்டரில் தொடங்கலாம்?

முதல்முறையாகக் கடல்நீர்த் தொட்டி வைக்கப் போகிறீர்கள் என்றால் 150 முதல் 200 லிட்டருக்குள் வாங்குங்கள். 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம்: தொடங்குவதற்கு இதுதான் சரியான அளவு என்பது என் கருத்து. ஏன் இந்த அளவு, உங்கள் வசதிக்கு இதை எப்படிக் கூட்டிக் குறைப்பது என்பதைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். நன்னீர் மீன் வளர்த்த பழக்கம் கொஞ்சம் உண்டு, ஃபில்டர், ஹீட்டர் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டே போகிறேன்.

படி 1: முதலில் மீனை முடிவு செய்யுங்கள்

தொட்டியை வாங்கிவிட்டு மீனைத் தேடாதீர்கள். ஒரு ஜோடி க்ளௌன் மீன், ஒரு ராயல் கிராமா, மணலைக் கிளறும் சின்ன கோபி மீன் ஒன்று, நத்தைகள், ஒன்றிரண்டு இறால். இவ்வளவுதான் ஆசை என்றால் மேலே சொன்ன அளவு தாராளம்.

ப்ளூ டாங் வேண்டும் என்றால் கதை வேறு. கடையில் விரல் நீளம்தான் இருக்கும். வளர்ந்தால் 30 செ.மீ. வரை போகும், நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கும். 90 செ.மீ. தொட்டியில் அதற்கு நீந்த இடம் போதாது. “வளர்ந்த பிறகு பெரிய தொட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம்” என்று வாங்காதீர்கள். அந்தப் பெரிய தொட்டி வரும்வரை கஷ்டப்படுவது மீன்தான்.

படி 2: சின்னத் தொட்டி ஏன் கடினம்?

என் முதல் தொட்டி 45×30×30, அதாவது 40 லிட்டர். சின்னதாக இருந்தால் வேலையும் குறையும் என்று நம்பி வாங்கினேன். உப்புநீரில் அது நேர்மாறு.

மூன்று நாள் வெளியூர் போய்வந்தேன். கண்ணாடியில் நான் ஒட்டியிருந்த டேப்பிலிருந்து நீர்மட்டம் 3 செ.மீ. இறங்கியிருந்தது. விளிம்பைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பொருக்கு, ஃபில்டர் காற்றை இழுத்துக் களகளவென்று சத்தம். உடனே ஒரு வாளியில் உப்புநீர் கலந்து டேப் வரை ஊற்றினேன். தப்பு அங்கேதான். ஆவியாவது வெறும் நீர் மட்டுமே, உப்பு அப்படியே தொட்டியில் தங்கிவிடும். 26 செ.மீ. ஆழ நீர் தொட்டியில் நின்றது. அதில் 3 செ.மீ. போனதும் உப்பின் அளவு ஆயிரத்துக்கு 35 பங்கிலிருந்து 39-ஐத் தாண்டிவிட்டது. உப்பில்லாத ஆர்.ஓ. நீரை மெதுவாகச் சேர்த்திருந்தால் 35-க்கே திரும்பியிருக்கும். நான் உப்புநீரை ஊற்றியதால் 39-லேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலை க்ளீனர் இறால் பாறை இடுக்கில் ஒருக்களித்துக் கிடந்தது, மீசை மட்டும் நீரோட்டத்தில் அசைந்தது. அதை நான் கவனித்து எடுப்பதற்குள் அம்மோனியா ஏறிவிட்டது. அடுத்து கோபியும் போனது.

இதிலிருந்து பலரும் “பெரிய தொட்டி வாங்கினால் ஆவியாதல் பிரச்சினை தீர்ந்துவிடும்” என்று முடிவுகட்டுகிறார்கள். முழுக்கச் சரியில்லை. நீர் ஆவியாவது மேற்பரப்பில், பெரிய தொட்டிக்கு மேற்பரப்பும் பெரிது. 40 செ.மீ. ஆழ நீரில் 3 செ.மீ. இறங்கினாலும் உப்பு கிட்டத்தட்ட 38-க்குப் போகும். ஆக, எந்த அளவுத் தொட்டியானாலும் மட்டம் இறங்கியதும் தானே ஆர்.ஓ. நீரைச் சேர்க்கும் ஆட்டோ டாப்-ஆஃப் கருவி வேண்டும். விலை கூடிய லைட்டைப் பிறகு வாங்கலாம், இதை முதலிலேயே வாங்குங்கள்.

லிட்டர் கூடுவதன் உண்மையான பயன் அம்மோனியாவிலும் வெப்பத்திலும் தெரியும். ஓர் இறால் செத்து அழுகினால் வரும் அம்மோனியா எந்தத் தொட்டியிலும் ஒரே அளவுதான். அது என் பழைய தொட்டியில் உண்மையில் நின்ற 32 லிட்டர் நீரில் கலப்பதற்கும், 90 செ.மீ. தொட்டியில் நிற்கும் 135 லிட்டரில் கலப்பதற்கும் நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஹீட்டர் கோளாறானாலும் அப்படித்தான், நீர் அதிகமானால் மெதுவாகத்தான் சூடேறும். நீங்கள் கவனித்துச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு வேண்டியது அந்த அவகாசம்தான்.

உப்பை அளக்க முள் ஆடும் ஹைட்ரோமீட்டர் வேண்டாம். என்னிடம் இருந்ததும் அதுதான். முள்ளில் உப்புப் படிந்து கனமாகி, அளவைக் குறைத்தே காட்டிக்கொண்டிருந்தது. ஒளி விலகுவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, 35 பங்கு உப்புள்ள அளவுத்திரவத்தை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: தொட்டியின் அளவு வேறு, நீரின் அளவு வேறு

நீளம், அகலம், உயரத்தை செ.மீ.-இல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். 90×45×45 என்றால் 182. ஆனால் அவ்வளவு நீர் பிடிக்காது. 10 மி.மீ. கண்ணாடியைக் கழித்து, மேலே 4 செ.மீ. காலி விட்டால் உள்ளே 88×43×40, அதாவது 151 லிட்டர். பாறையும் மணலும் போட்ட பிறகு 135-ஐ ஒட்டி நிற்கும். 182 என்று நினைத்து மருந்தோ கால்சியம் கரைசலோ ஊற்றினால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் போய்விடும். முதல்முறை நிரப்பும்போதே எத்தனை வாளி என்று எண்ணி, ஸ்டாண்டு கதவின் உட்புறம் எழுதி ஒட்டிவையுங்கள்.

படி 4: எவ்வளவு பெரிது வரை போகலாம்?

வாரம் 10 சதவீதம் நீர் மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். 135 லிட்டருக்கு ஒரு பெரிய வாளி, அரைக் கிலோ உப்பு, முடிந்தது. 400 லிட்டர் என்றால் வாரம் 40 லிட்டர் ஆர்.ஓ. நீர் பிடித்து, ஒன்றரைக் கிலோ உப்புக் கரைத்து, முதல் நாளே பம்ப் போட்டுச் சுழலவிட்டு, மூன்று நான்கு நடை தூக்க வேண்டும். கொஞ்ச நாளில் அலுத்து, தள்ளிப்போட ஆரம்பிப்பீர்கள். வாங்குவதற்கு முன் நான்கு வாரம் ஒரு வாளி நீரைத் தொட்டி வைக்கப்போகும் இடத்துக்குத் தூக்கிப் பாருங்கள். அலுப்பில்லாமல் எத்தனை நடை போக முடிகிறதோ அதை வைத்து அளவை முடிவு செய்யலாம்.

படி 5: வடிவமும் எடையும்

உயரமானதைவிட நீளமானது நல்லது. காற்றும் நீரும் சேரும் பரப்பு அதிகம், மீனுக்கு நீந்த இடமும் அதிகம். உங்கள் கை தொட்டியின் அடியைத் தொட வேண்டும், அதனால் 50 செ.மீ. உயரத்தைத் தாண்டாதீர்கள். வளைந்த கண்ணாடியைத் தவிர்த்துவிடுங்கள், பாசி சுரண்டுவது பெரும்பாடு.

90×45×45 தொட்டி நீர், பாறை, கண்ணாடி எல்லாம் சேர்த்து ஸ்டாண்டு இல்லாமலே 200 கிலோவைத் தாண்டும். நீர் ஊற்றும் முன் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் ஒட்டுகளில் அழுத்தம் ஏறி ஒருநாள் கசியும்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்தவர்கள் கேட்டதில் இரண்டு விஷயம் நான் விட்டுவிட்டது.

ஒன்று, கேலன். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546. “50 கேலன்” என்பது 189-ஆகவும் இருக்கலாம், 227-ஆகவும் இருக்கலாம். எந்தக் கேலன் என்று கேட்டு, லிட்டருக்கு மாற்றிக்கொண்டு பேசுங்கள்.

இரண்டு, சம்ப், அதாவது ஃபில்டர், பம்ப் எல்லாம் வைக்கும் இன்னொரு சின்னத் தொட்டி. தொட்டிக்குக் கீழே சம்ப் வைத்தால் அதன் நீரையும் மொத்த அளவில் சேர்த்துக்கொள்ளலாம். மீனின் எண்ணிக்கையை மட்டும் மேல் தொட்டியை வைத்தே பாருங்கள். கரண்ட் போனால் மேல் தொட்டியின் நீர் கொஞ்சம் கீழே இறங்கும். 90×45 தொட்டியில் ஒவ்வொரு செ.மீ.-க்கும் சுமார் 3.8 லிட்டர், 4 செ.மீ. இறங்கினால் 15 லிட்டர். அவ்வளவு இடம் சம்பில் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். முதல்நாளே பம்ப்பை நிறுத்திப் பார்த்து, நீர் ஏறி நிற்கும் இடத்தில் ஒரு கோடு போட்டுவையுங்கள்.