மின்னகராதியில் முதல் வரியோடு நின்றுவிடாதீர்கள்

அச்சு அகராதியில் பக்கம் புரட்டிச் சொல்லைத் தேடும் உழைப்பு முழுவதையும் மின்னகராதி தன்மேல் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால், கிடைத்த பொருள்களில் எது நம் வாக்கியத்துக்குப் பொருந்தும் என்று முடிவு செய்யும் வேலை இன்னும் நம்முடையதே. மொழி கற்பவர்களின் பிழைகளில் பல, இந்த வேலையைச் செய்யாமல் விடுவதால் வருபவை.

திரையில் முதலில் தெரிவதே முதன்மையான பொருள் என்று எண்ணுவதுதான் இவற்றுள் மிக மோசமானது. சில அகராதிகள் இன்று மிகுதியாக வழங்கும் பொருளை முதலில் தருகின்றன. வேறு சில, சொல்லின் வரலாற்றைப் பின்பற்றிப் பழைய பொருளிலிருந்து தொடங்குகின்றன. ‘நாற்றம்’ என்ற சொல் பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது. அந்தப் பொருளை மட்டும் படித்துவிட்டு ‘இந்த மலரின் நாற்றம் எனக்குப் பிடிக்கும்’ என்று ஒருவர் எழுதினால், இலக்கணம் பிழையின்றி இருந்தும் வாசிப்பவர் முகம் சுளிப்பார். அகராதியின் முன்னுரையை ஒரு முறையேனும் படித்தால், அது எந்த வரிசையைப் பின்பற்றுகிறது என்பது தெரிந்துவிடும்.

‘கேட்டேன்’ என்று தட்டிப் பார்த்து ஒன்றும் கிடைக்காவிட்டால், அகராதி சரியில்லை என்று முடிவு கட்டுவோரும் உண்டு. வினைச்சொல்லை அதன் பகுதியான ‘கேள்’ என்பதில் தேட வேண்டும். அங்கே போன பிறகும், பேசியவர் வினவினாரா, செவிமடுத்தாரா என்பதை முன்பின் உள்ள சொற்களே காட்டித் தரும்.

மின்னூலில் ஒரு சொல்லைத் தொட்டதும் பொருள் தோன்றும் வசதி, தொடர்களைத் துண்டாக்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘கேரி அவுட்’ என்பதில் ‘கேரி’யை மட்டும் தொட்டால் ‘சுமத்தல்’ வருமே தவிர, ‘நிறைவேற்றுதல்’ வராது. பொருள் ஒட்டவில்லை என்றால் அடுத்த சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள்.

தாய்மொழியிலிருந்து அயல்மொழிக்குப் போகும்போது இன்னும் கூடுதல் கவனம் தேவை. ‘பார்’ என்பதற்கு ‘சீ’, ‘லுக்’, ‘வாட்ச்’ மூன்றும் கிடைக்கும். எடுத்த சொல்லை மறுதிசையிலும் தேடி, எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படித்த பின்பே எழுத வேண்டும். ஓரளவு தேர்ந்தவர்கள், கற்போருக்கென்றே உருவான ஒருமொழி அகராதிக்கு, அதாவது கற்கும் மொழியிலேயே பொருள் தரும் அகராதிக்கு, மாறுவது நல்லது. 1978-இல் வெளிவந்த லாங்மன் ஆங்கில அகராதி, ஏறத்தாழ 2,000 எளிய சொற்களைக் கொண்டே விளக்கங்களை எழுதியதால், விளக்கமே புரியாமல் போகும் தொல்லை அதில் வெகுவாகக் குறைந்தது.

கண்ணில் பட்ட சொல்லையெல்லாம் தொட்டுப் பார்ப்பதும் தவறே. தேவை, தேடல், மதிப்பீடு (கிடைத்த பொருள் பொருந்துகிறதா என்று எடைபோடுவது) ஆகிய மூன்றும் கூடும்போது சொல் மனத்தில் நன்கு தங்கும் என்ற கருத்தை லாஃபர், ஹல்ஸ்டைன் என்னும் ஆய்வாளர்கள் 2001-இல் முன்வைத்தனர். ஒரு விரல் தொடுதலில் தேடல் சுருங்கிவிட்ட நிலையில், முதலில் பொருளை ஊகித்துவிட்டுப் பிறகு தொடுவது மதிப்பீட்டையாவது காப்பாற்றும். பல செயலிகளில் தேடிய சொற்களின் பட்டியல் தானாகவே சேர்கிறது. அதில் ஒரே சொல் மூன்றாம் முறையாகத் தென்பட்டால், அதை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்.